ஆறு கற்களுக்கு ஒரே வால்

சேர்வராயன் மலை சொல்லித் தரும் ஆங்கிலப் பாடம்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் புறப்படும் பஸ், இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறக்குறைய 5,000 அடி உயரத்துக்குப் போய்ச் சேருகிறது. பிரயாணிகளின் கண்கள் பள்ளத்தாக்கின் மீது போகும். குரங்குகளின் மீது போகும். காப்பித் தோட்டங்களின் மீது போகும். காலடியில் கிடக்கும் கல்லை மட்டும் யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை.

ஆனால், பார்க்கத் தகுந்த கற்கள் அவை. மலைக்கு இப்பால், சேலத்தை ஒட்டிய மேட்டு நிலத்தில் கல் வெள்ளையாக இருக்கிறது. மலைப் பாதையில் ஏற ஏறக் கருநீலமாக மாறுகிறது. உச்சிக்குப் போனால் செங்கல் நிறம். ஒரு மணி நேரப் பிரயாணத்துக்குள் மூன்று நிறங்கள்!

இந்தக் கற்களுக்கு விஞ்ஞானிகள் வைத்திருக்கும் பெயர்களைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கேட்டால் தெரியும். மாக்னசைட், டூனைட், மாக்னடைட், சார்னோக்கைட், லேட்டரைட், பாக்சைட். பரீட்சைக்கு முதல் நாள் உருப்போட்டு, மறுநாள் எழுதிவிட்டு, மூன்றாம் நாள் மறந்து விடுகிற பெயர்கள். எல்லாவற்றுக்கும் ஒரே முடிவு: ‘ஐட்’. இந்த வால் எங்கிருந்து வந்தது, அதற்கு என்ன பொருள் என்று தெரிந்து கொண்டால், உருப்போட வேண்டிய அவசியமே இல்லை. ஒவ்வொரு பெயரும் தானாகவே தன் கதையைச் சொல்லத் தொடங்கிவிடும்.

வாலின் பிறப்பு

‘ஐட்’ என்ற ஆங்கில முடிவு கிரேக்க மொழியின் ‘ஐட்டீஸ்’ என்ற விகுதியிலிருந்து வந்தது. ‘இன்னதைச் சேர்ந்தவர்’, ‘இன்ன இடத்துக்காரர்’ என்பது அதன் பொருள். நாம் சேலத்துக்காரர், மதுரைக்காரர் என்கிறோம் அல்லவா? அந்தக் ‘காரர்’தான் கிரேக்கரின் ‘ஐட்டீஸ்’. அரிஸ்டாட்டில் பிறந்த ஊர் ஸ்டாகிரா. அதனால் இன்றும் ஆங்கிலத்தில் அவரை ‘ஸ்டாகிரைட்’ என்பதுண்டு, அதாவது ஸ்டாகிராக்காரர். இஸ்ரேலின் மரபினரை ‘இஸ்ரேலைட்’ என்று பைபிள் சொல்வதும் இதே கணக்குத்தான்.

மனிதர்களுக்கு வைத்த வாலைக் கிரேக்கர்கள் கற்களுக்கும் வைத்தார்கள். அரிஸ்டாட்டிலின் மாணவர் தியோபிராஸ்டஸ், சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன் கற்களைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். உறைந்த ரத்தம் போன்ற ஒரு கல்லை அதில் அவர் குறிப்பிடுகிறார். கிரேக்க மொழியில் ரத்தத்துக்கு ‘ஹைமா’ என்று பெயர். ‘ரத்தத்தைச் சேர்ந்த கல்’ என்ற பொருளில் வந்த அந்தப் பெயர்தான் இன்றைய ‘ஹெமடைட்’ என்னும் இரும்புத் தாது. வைத்தியர்கள் சொல்லும் ‘ஹீமோகுளோபின்’ என்ற சொல்லிலும் அதே ‘ஹைமா’தான் ஒளிந்திருக்கிறது.

இன்னொரு வேடிக்கை. கிரேக்க மொழியில் சொற்களுக்கு ஆண்பால், பெண்பால் உண்டு. ‘ஐட்டீஸ்’ ஆண்பால் என்றால் அதன் பெண்பால் ‘ஐடிஸ்’. நோயைக் குறிக்கும் கிரேக்கச் சொல் பெண்பால். ஆகவே ‘மூட்டைச் சேர்ந்த நோய்’ ஆர்த்ரைட்டிஸ் ஆயிற்று. மூச்சுக் குழலைச் சேர்ந்த நோய் பிராங்கைட்டிஸ் ஆயிற்று. சுரங்கத்தின் பெயர்ப் பலகையில் இருக்கும் வாலும், ஆஸ்பத்திரிச் சீட்டில் இருக்கும் வாலும் உடன்பிறந்தவை!

பிற்காலத்தில் ஐரோப்பிய விஞ்ஞானிகள் புதிய கனிமங்களைக் கண்டுபிடிக்கும் போதெல்லாம், கண்ட இடத்தின் பெயரோ, நிறத்தின் பெயரோ, மதிப்புக்குரிய மனிதரின் பெயரோ எடுத்து, அதன் பின்னால் இந்த வாலைக் கட்டினார்கள். இன்று உலகில் அங்கீகாரம் பெற்ற கனிமங்கள் சுமார் 6,000. அவற்றில் பெரும்பாலானவை ‘ஐட்’ என்றுதான் முடிகின்றன. கனிமங்கள் பல சேர்ந்து உண்டாகும் பாறைகளுக்கும் இதே வால் உண்டு. கனிமம் அரிசி, பருப்பு என்றால் பாறை என்பது பொங்கல்.

வெள்ளைக் கல்லின் சொந்த ஊர்

இப்போது சேலத்துக்குத் திரும்புவோம். சேலம் ஜங்ஷனுக்கு அருகில் ‘மேக்னசைட் ஜங்ஷன்’ என்றே ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. கல்லின் பெயரால் ரயில் நிலையம் அமைவது அபூர்வம். அந்த வட்டாரத்து மேடுகளை வெள்ளைக்காரர்கள் ‘சாக் ஹில்ஸ்’, அதாவது சுண்ணக்கட்டிக் குன்றுகள் என்றார்கள். கருமண்ணின் மேல் வெள்ளை வெள்ளையாகக் கீறல்கள் ஓடுவதைப் பார்த்து வைத்த பெயர் அது. உண்மையில் அது சுண்ணக்கட்டி அல்ல, மாக்னசைட். சேலத்து மக்களுக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. அவர்கள் ‘வெள்ளைக்கல்’ என்று சொல்லிவிட்டுத் தம் வேலையைப் பார்க்கிறார்கள்.

‘மாக்னசைட்’ என்றால் ‘மக்னீசியாவைச் சேர்ந்தது’ என்று பொருள். மக்னீசியா என்பது கிரேக்கர்கள் வாழ்ந்த ஒரு பகுதியின் பெயர். விந்தை என்னவென்றால், ‘மாக்னெட்’ என்று நாம் சொல்லும் காந்தத்துக்கும், காந்தத் தன்மையுள்ள ‘மாக்னடைட்’ என்ற இரும்புத் தாதுவுக்கும் மூலம் அதே மக்னீசியாதான். மாக்னசைட்டில் இரும்பு இல்லை. காந்தம் அதை இழுக்காது. ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு. பெயரில் மட்டும் இரண்டும் ஓர் ஊர்க்காரர்கள்.

இந்த இரண்டு கற்களும் சேலத்தைச் சுற்றியே இருப்பதுதான் விசேஷம். நகரின் வடபுறம் மலை அடிவாரத்தில் வெள்ளை மாக்னசைட். தென்மேற்கே, சித்தர் கோவிலால் பெயர் பெற்ற கஞ்சமலையில் கரிய மாக்னடைட்.

வெள்ளைக்கல்லைச் சூளையில் இட்டுச் சுட்டால் கரியமிலவாயு வெளியேறி மக்னீசியா மிஞ்சுகிறது. அது உருகுவதற்குச் சுமார் 2,800 டிகிரி சென்டிகிரேடு சூடு வேண்டும். இரும்போ 1,538 டிகிரியில் உருகிவிடும். ஆகவே எஃகு உலைகளின் உட்சுவரைக் கட்டும் செங்கலுக்கு இதைவிடத் தோதான பொருள் கிடைப்பது கடினம். உருகிய இரும்பைத் தாங்கிப் பிடிப்பது இந்த வெள்ளைக்கல்தான். இதற்காகவே 1979-ல் தமிழக அரசு ‘தமிழ்நாடு மாக்னசைட்’ நிறுவனத்தைச் சேலத்தில் தொடங்கியது.

வெள்ளைக்கல்லுக்கு ஒரு தாய்க்கல் உண்டு. அதன் பெயர் டூனைட். நியூஸீலந்து தேசத்தில் ‘டன் மவுண்டன்’ என்று ஒரு மலை. ‘டன்’ என்றால் மங்கிய பழுப்பு நிறம். அந்த மலையில் கண்ட பாறைக்கு 1859-ல் ஹோக்ஸ்டெட்டர் என்ற விஞ்ஞானி மலையின் பெயரையே வைத்தார். அதே வகைப் பாறை சேலத்திலும் இருக்கிறது. கரியமிலவாயு கலந்த நீர் டூனைட்டின் வெடிப்புகளில் புகுந்து வெகுகாலம் வேலை செய்ததில், பாறைக்குள்ளேயே வெள்ளை நரம்புகளாக மாக்னசைட் உண்டாயிற்று. நியூஸீலந்துக்காரர் வயிற்றில் கிரேக்கக்காரர் பிறந்த கதை இது!

கல்லறையிலிருந்து எழுந்த பெயர்

மலைப் பாதையில் பஸ் ஏறும்போது இருபுறமும் தெரியும் கரும்பாறைதான் சேர்வராயன் மலையின் உடம்பு. புதிதாக உடைத்த துண்டை எடுத்துப் பார்த்தால், எண்ணெய் தடவியது போன்ற மினுமினுப்பும் நீலம் கலந்த கறுப்பும் தெரியும். பூமியின் ஆழத்தில், கடுமையான வெப்பத்திலும் அழுத்தத்திலும் சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவான பாறை இது. இதன் பெயர் சார்னோக்கைட். ‘சார்னாக்கைச் சேர்ந்தது’ என்பது பொருள்.

யார் இந்த சார்னாக்? கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏஜெண்டாக வங்காளத்தில் இருந்தவர் ஜாப் சார்னாக். 1690-ல் ஹூக்ளி நதிக்கரையில் கம்பெனியின் குடியிருப்பை அமைத்தார். சில ஆண்டுகளுக்குள் அங்கேயே இறந்தார். கல்கத்தாவின் செயிண்ட் ஜான் தேவாலய வளாகத்தில் அவருக்குக் கல்லறை எழுப்பினார்கள்.

இருநூறு ஆண்டுகள் கழிந்தன. இந்தியப் புவியியல் துறையில் பணியாற்றிய தாமஸ் ஹாலந்து, அந்தக் கல்லறைக் கல்லை ஆராய்ந்தார். வங்காளத்து வண்டல் மண்ணில் கிடைக்கக் கூடிய கல் அல்ல அது. நம் பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கல். சென்னையிலிருந்து கல்கத்தாவுக்குப் போயிருக்கிறது. இதுவரை யாரும் தனியாகப் பிரித்துப் பெயரிடாத பாறை என்பதை உணர்ந்த ஹாலந்து, 1893-ல் எழுதிய கட்டுரையில், கல்லறையில் உறங்குபவரின் பெயரையே பாறைக்கு வைத்தார். 1900-ல் இந்தப் பாறை வகையைப் பற்றி விரிவான நூல் ஒன்றையும் வெளியிட்டார்.

அதன் பிறகு ஆப்பிரிக்காவிலும் அண்டார்க்டிகாவிலும்கூட இந்த வகைப் பாறை தென்பட்டது. எங்கே தென்பட்டாலும் பெயர் ஒன்றுதான். பரங்கிமலையை இன்று தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்திருக்கிறார்கள். ‘கல்கத்தாவை நிறுவியவர்’ என்ற பட்டமோ சார்னாக்குக்கு நிலைக்கவில்லை. அவரை நிறுவனர் என்று சொல்லக் கூடாது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2003-ல் கூறிவிட்டது. நகரம் கைவிட்ட மனிதரைக் கல் இன்னும் கைவிடவில்லை.

செங்கல்லும் அலுமினியமும்

உச்சிக்கு வந்துவிட்டோம். சேர்வராயன் கோவில் சுமார் 5,300 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே மலை கூராக இல்லை. மேஜை போலத் தட்டையாக இருக்கிறது. காரணம், சேர்வராயன் மலையின் உச்சிகளில் லேட்டரைட்டும் பாக்சைட்டும் தொப்பி போலக் கவிந்திருப்பதுதான்.

கரிய சார்னோக்கைட்டின் மேல் லட்சக்கணக்கான ஆண்டுகள் மழை பெய்தது, வெயில் காய்ந்தது. கரையக் கூடிய பொருள்களையெல்லாம் மழை கரைத்துக் கொண்டு போயிற்று. கரையாத இரும்பும் அலுமினியமும் தங்கின. இரும்பு மிகுதியாகத் தங்கிய இடத்தில் லேட்டரைட். அலுமினியம் மிகுதியாகத் தங்கிய இடத்தில் பாக்சைட். கறுப்புத் தாய்க்குச் சிவப்புப் பிள்ளைகள்.

பாக்சைட் என்பது பிரான்சு தேசத்துப் பெயர். அங்கே ‘லெ போ’ என்ற கிராமத்தில் கிடைத்த மண்ணை 1821-ல் பெர்த்தியே என்பவர் சோதித்தார். அந்த ஊரின் பெயரே தாதுவுக்கு வந்தது. உத்தேசமாக 4 டன் பாக்சைட்டிலிருந்து 1 டன் அலுமினியம் கிடைக்கும். ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட்டை நம்பித்தான் மேட்டூரில் 1965-ல் ‘மால்கோ’ அலுமினியத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. 2008-ல் அங்கே அலுமினியம் உருக்குவது நின்றது. ஒரு காலத்தில் நம் வீடுகளுக்கு வந்த அலுமினியப் பாத்திரம் ஏதாவது ஒன்றில் சேர்வராயன் மலையின் ஒரு பிடி மண் இருந்திருக்கலாம்.

லேட்டரைட்டின் கதைதான் எல்லாவற்றிலும் ருசிகரமானது. 1800-ம் ஆண்டு பிரான்சிஸ் புக்கானன் என்ற டாக்டர், கம்பெனியின் கட்டளைப்படி மைசூர், கன்னடம், மலையாளம் ஆகிய பிரதேசங்களில் பிரயாணம் செய்தார். மலபாரில் அங்காடிப்புரம் என்ற ஊரில் ஜனங்கள் மண்ணைக் கோடாலியால் வெட்டி எடுப்பதைக் கண்டார். வெட்டும்போது மிருதுவாக இருந்த அந்தக் கல், காற்றுப் பட்டதும் இறுகிற்று. அதை அடுக்கி வீடு கட்டினார்கள். அதன் பெயரை விசாரித்தார். ‘இட்டிகக் கல்லு’ என்றார்கள்; செங்கல் போன்ற கல் என்று அர்த்தம். பழந்தமிழிலும் செங்கல்லுக்கு ‘இட்டிகை’ என்ற பெயர் உண்டு.

லத்தீன் மொழியில் செங்கல்லுக்கு ‘லேட்டர்’ என்று பெயர். புக்கானன் அதனுடன் ‘ஐட்’ வாலைக் கட்டி, 1807-ல் வெளிவந்த தமது நூலில் ‘லேட்டரைட்’ என்று எழுதினார். நம் ஊர்க் கொத்தனாரின் சொல் லத்தீன் உடுப்பை அணிந்து கொண்டு உலகம் முழுவதும் போய்விட்டது. ஆறு கற்களில் நம்மவர் பேச்சிலிருந்து பெயர் பெற்றது இது ஒன்றுதான். தமிழ்நாட்டில் இதையே செம்புறாங்கல் என்கிறோம்.

ஏமாற்றும் வால்கள்

‘ஐட்’ என்ற ஓசை கேட்டதும் எல்லாம் கிரேக்க வால் என்று நினைத்துவிடக் கூடாது. ‘பாரசைட்’ என்ற ஒட்டுண்ணியின் பெயருக்கு ‘உணவின் பக்கத்தில் இருப்பவன்’, அதாவது பிறர் பந்தியில் உட்கார்ந்து உண்பவன் என்று பொருள். அங்கே வால் இல்லை. இரண்டு முழுச் சொற்கள் ஒட்டி நிற்கின்றன. ‘சாட்டிலைட்’ லத்தீன் மொழியில் மெய்க்காப்பாளனைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. ‘ஒயிட்’, ‘கைட்’ என்பவை பழைய ஆங்கிலச் சொற்கள்.

எல்லாவற்றிலும் பெரிய ஏமாற்றம் ‘கிரானைட்’. ஆங்கிலேயர் இதைக் ‘கிரானிட்’ என்றே உச்சரிக்கிறார்கள். ‘மணி மணியானது’ என்று பொருள்படும் இத்தாலியச் சொல் அது. மற்றக் கற்களெல்லாம் ‘ஐட்’ என்று முடிவதைக் கேட்டுப் பழகிய நாம், இதையும் அந்தக் குடும்பத்தில் தத்துக் கொடுத்துக் ‘கிரானைட்’ ஆக்கிவிட்டோம்.

தெரிந்தே வாலை ஒட்டிக் கொண்ட பெயர்களும் உண்டு. ஆல்பிரட் நோபல் 1867-ல் தமது வெடிமருந்துக்கு, சக்தியைக் குறிக்கும் ‘டைனமிஸ்’ என்ற கிரேக்கச் சொல்லை எடுத்து ‘டைனமைட்’ என்று பெயர் சூட்டினார். கற்களின் வாலைத் தரித்துக் கொண்டு கற்களையே பிளக்க வந்தது அது.

பெயர் சொல்லாதது

ஆறு கற்களின் பெயரையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படுகிறது. கிரேக்க தேசத்துக்கு இரண்டு பெயர். நியூஸீலந்துக்கு ஒன்று. பிரான்சுக்கு ஒன்று. கம்பெனி ஏஜெண்டுக்கு ஒன்று. மலபார்க் கொத்தனாருக்கு ஒன்று. சேலத்துக்கு, ஏற்காட்டுக்கு, சேர்வராயனுக்கு ஒன்றுமில்லை.

இது தவிர்க்க முடியாத விதி அல்ல. ஒரிஸ்ஸாவின் மலைகளில் கண்ட ஒரு பாறைக்கு, அங்கே வாழும் கோந்த் மக்களின் பெயரால் ‘கொண்டலைட்’ என்று 1902-ல் பெயர் வைத்தார்கள். கோனார்க் சூரியன் கோவில் அந்தக் கல்லால் கட்டப்பட்டது. சேர்வராயன் மலையிலும் பழங்குடி மக்கள் உண்டு. தங்களை ‘மலையாளி’ என்று சொல்லிக் கொள்ளும் இவர்கள் கேரளத்தார் அல்லர், தமிழ் பேசுபவர்கள். தொழிலாளி, பங்காளி, மலையாளி என்று நாம் சேர்க்கும் ‘ஆளி’ என்ற விகுதி செய்யும் வேலையும், கிரேக்கரின் ‘ஐட்டீஸ்’ செய்யும் வேலையும் ஏறக்குறைய ஒன்றே. மலையைச் சேர்ந்தவர்கள் யார் என்பதை அவர்களுடைய பெயரே சொல்கிறது. கற்களின் பெயர்கள்தாம் வேறெங்கோ கை காட்டுகின்றன.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். வெறும் பெயர்தானே?

குத்தகைப் பத்திரத்தில் ‘பாக்சைட், இத்தனை ஏக்கர்’ என்று எழுதும்போது, அந்தச் சொல்லில் அலுமினியம் இருக்கிறது. பிரெஞ்சுக் கிராமம் இருக்கிறது. மே மாதத் திருவிழாவுக்கு மலையாளி மக்கள் கூடும் சேர்வராயன் சந்நிதி இல்லை. துளை நிறைந்த அந்தக் கல் மழை நீரை உறிஞ்சி வைத்துக் கொண்டு கீழே ஊற்றாக விடுகிறது என்ற செய்தி இல்லை. ‘மாக்னசைட்’ என்ற சொல்லில் எஃகு உலை தெரிகிறது. பள்ளத்தில் இறங்கி, கல்லைத் தட்டிப் பார்த்து, வெள்ளையைத் தனியே பிரித்த கைகள் தெரிவதில்லை. ‘வெள்ளைக்கல்’ என்ற சொல்லிலோ அந்தக் கைகளின் குரல் கேட்கிறது.

விஞ்ஞானப் பெயர்களை விலக்க வேண்டியதில்லை. சேலத்து மாணவனும் டோக்கியோ மாணவனும் ஒரே கல்லைப் பற்றிப் பேச அவை வேண்டும். ஆனால் பாடம் சொல்லிக் கொடுக்கும்போது மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்கலாம். இந்தப் பெயர் எந்த ஊருடையது? இந்தக் கல் எந்த ஊருடையது? இந்த ஊர்க்காரர்கள் இதை என்னவென்று அழைக்கிறார்கள்? முதல் கேள்விக்கு அகராதி பதில் சொல்லும். இரண்டாவதற்குப் பாடப் புத்தகம் பதில் சொல்லும். மூன்றாவது கேள்விக்குப் பிள்ளைகள் வெளியே போய்ப் பெரியவர்களைத்தான் விசாரிக்க வேண்டும். சேலத்துப் பிள்ளைகளுக்கு அது தூரமான இடமும் அல்ல. மேக்னசைட் ஜங்ஷனில் இறங்கி, அங்கே எதிர்ப்படும் வயோதிகர் ஒருவரிடம் ஒரு வெள்ளைக் கல்லை நீட்டிக் கேட்டாலே போதும்.